வகுப்பறைக்குள் குதிக்க ஒரு பெட்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் எழுதும் மதிப்புரை

மொரீஷியசின் மேட்டுநிலத்தில், கியூர்பீப்பை அடுத்த ஒரு தொடக்கப்பள்ளியில் கிரேடு 2, கிரேடு 3 பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். இந்தப் பக்கத்து மழையை அறிந்தவர்களுக்கு பாட நேரத்திலேயே பிள்ளைகளை எழுந்து அசையவைக்கும் விளையாட்டுப் பொருள்கள் அடங்கிய இப்படியொரு பெட்டியை நான் ஏன் தேடிப் போனேன் என்பது உடனே விளங்கும். கடற்கரை ஊர்களில் வெயில் அடிக்கும் நாளிலும் இங்கே தூறல் விடுவதில்லை. சூன் முதல் ஆகஸ்டு வரை அதனுடன் குளிரும் சேர்ந்துகொள்ளும். விளையாட்டுத் திடல் நனைந்து கிடந்தால் இடைவேளையிலும் பிள்ளைகள் தாழ்வாரத்தை விட்டு இறங்க முடியாது. மொழிப் பாடவேளை வந்ததும் இந்தி, உருது, கிரியோல் என்று ஒவ்வொரு குழுவும் ஒவ்வோர் அறைக்குப் பிரிந்து போகும்போது, என் அறைக்கு வந்து சேரும் பதினான்கு பிள்ளைகளும் காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழாதவர்களாகவே இருப்பார்கள். அவர்களை மறுபடியும் உட்காரவைத்து, வீட்டில் பேசாத ஒரு மொழியின் எழுத்துகளைப் பலகையில் காட்டி, "கவனியுங்கள், கவனியுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நீண்ட நேரம் அசையாமல் இருப்பதைக் குறைக்க வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. மழைக்காலத்து மேட்டுநிலப் பள்ளியில் அந்த 60 நிமிடம் எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்விக்கு, வகுப்பறைக்குள்ளிருந்தே ஒரு பகுதியாவது கிடைக்கட்டும் என்பதே நான் கண்ட விடை. அதற்காகக் கடந்த ஆண்டு சனவரியில், பள்ளி திறந்த வாரத்தில், ரோஸ் ஹில்லில் உள்ள ஓர் எழுதுபொருள் கடையில் 1,850 ரூபாய் கொடுத்து இந்தப் பெட்டியை வாங்கினேன். பணம் என்னுடையது. இதைப் போன்ற பெட்டிகள் பல பெயர்களில், ஏறக்குறைய ஒரே உள்ளடக்கத்துடன் விற்கப்படுவதால், மூடியில் அச்சிட்ட பெயரை விடுத்து உள்ளே இருக்கும் பொருள்களைப் பற்றியே எழுதுகிறேன்.

உள்ளே இருந்தவை இவை: கைக்கு மெத்தென்றிருக்கும் ஃபோம் பகடைகள் இரண்டு, அவற்றின் ஆறு பக்கங்களிலும் அட்டை செருகுவதற்கான கண்ணாடித்தாள் பைகள், ஒன்று முதல் பத்து வரை கட்டங்கள் அச்சிட்ட நீளமான பிளாஸ்டிக் பாய் ஒன்று, படமும் சொல்லும் உள்ள 48 அட்டைகள், தானியம் அடைத்த சிறு துணிப்பைகள் நான்கு, ஒரு நிமிட மணற்கடிகை ஒன்று, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்ட கையேடு ஒன்று.

முதலில் கையேட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நான் செய்த முதல் தவறு அதைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியதுதான். இருபது நிமிடம் பாடம் நடத்துங்கள், பிறகு ஐந்து நிமிடம் பாடத்தை நிறுத்திவிட்டு அட்டையில் உள்ள உடற்பயிற்சிகளைச் செய்யுங்கள், பிறகு பாடத்துக்குத் திரும்புங்கள் என்று அது கூறுகிறது. முதல் இரண்டு வாரங்கள் அப்படியே செய்தேன். ஐந்து நிமிடக் குதிப்பு பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அது முடிந்ததும் அவர்களை மறுபடியும் புத்தகத்தின் பக்கம் திருப்புவதற்கு இன்னொரு ஐந்து நிமிடம் தேவைப்பட்டது. மொழிப் பாடவேளையோ முன்பே சுருங்கியது. பிள்ளைகளின் கண்ணில் குதிப்பது பரிசாகவும் தமிழ் தண்டனையாகவும் மாறத் தொடங்கியதை நான் கண்டேன். "மிஸ், எப்போது எழுந்து நிற்போம்?" என்று ஒரு சிறுமி பாடம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்திலேயே கேட்டபோது, இந்தப் பெட்டியைக் கையேடு சொல்லும் முறையில் இனிப் பயன்படுத்தக் கூடாது என்று முடிவு செய்தேன். அசைவு பாடத்திற்கு நடுவே வரும் ஓய்வாக இருக்கும்வரை பாடம் அதற்குத் தடையாகவே தோன்றும்; அசைவே பாடத்தைச் சுமந்து வரவேண்டும். கையேட்டை மூடி வைத்துவிட்டுப் பகடைகளை மட்டும் எடுத்துக்கொண்ட நாளிலிருந்துதான் இந்தப் பெட்டி எனக்குப் பயன்படத் தொடங்கியது.

பகடைக்கு ஆறு முகம். தமிழில் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. ஒரு பகடையின் பைகளில் ஆறு உயிரெழுத்துகளையும், மற்றதில் ஆறு மெய்யெழுத்துகளையும் செருகினால், இரண்டையும் சேர்த்து உருட்டும்போது முப்பத்தாறு உயிர்மெய் எழுத்துகளில் ஒன்று விழும். உயிருக்கு இரண்டு தொகுதி, மெய்க்கு மூன்று தொகுதி என்று அட்டைகளை மாற்றி மாற்றிச் செருகினால் ஆறு முறையில் 216 உயிர்மெய்யும் அடங்கிவிடுகின்றன. இந்தக் கணக்கு பொருந்தி வந்ததைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை; எங்கோ ஒரு தொழிற்சாலையில் வேறு மொழிக்குச் செய்த பகடை தமிழ் நெடுங்கணக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அமைந்துவிட்டது. ங, ஞ வரிசைகளில் பெரும்பாலான எழுத்துகள் சொற்களில் வருவதே இல்லை என்பதால் அந்த அட்டைகளை நான் செருகுவதில்லை. இந்த வயதுக்கு க, ச, த, ப, ம, வ என்ற ஆறே முதல் பருவத்துக்குப் போதுமானவை.

உருட்டிய எழுத்தை வாயால் சொன்னால் மட்டும் போதாது, உடலாலும் சொல்ல வேண்டும் என்பதே எங்கள் வகுப்பின் விதி. கண் இமைக்கவோ கை நொடிக்கவோ ஆகும் நேரத்தை ஒரு மாத்திரை என்று இலக்கண நூலார் வகுத்தார்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அளவையே உடலிலிருந்து எடுத்த இலக்கணம் நம்முடையது. ஆகவே குறில் விழுந்தால் நின்ற இடத்தில் ஒரு சிறு குதி. நெடில் விழுந்தால் முழங்காலை மடக்கிக் குனிந்து, இரண்டு எண்ணும் நேரத்தில் கைகளை உயர்த்தி நிமிர்தல். சொற்களுக்கு வந்தபிறகு மெய்யெழுத்துக்கு விரலை ஒரு முறை சொடுக்குதல். "கல்" என்றால் ஒரு குதி, ஒரு சொடுக்கு. "கால்" என்றால் குனிந்து நிமிர்ந்து ஒரு சொடுக்கு. "மூட்டை" போன்ற சொற்களின் ஈற்றில் வரும் ஐகாரம் குறுகி ஒலிக்கும் என்பதை இலக்கணம் கற்றவர்கள் சுட்டிக்காட்டக்கூடும். அந்த நுட்பத்தை ஏழு வயதில் எடுக்க வேண்டாம் என்று கருதி, அத்தகைய சொற்களில் முதல் எழுத்தை மட்டுமே உடலால் செய்யச் சொல்கிறேன். முட்டை, மூட்டை இரண்டையும் பிரித்துக் காட்ட அதுவே போதும்.

இந்த ஒரு பயிற்சிக்காக மட்டும் 1,850 ரூபாயும் தகும் என்று நான் நினைக்கும் நிகழ்ச்சி ஒன்று இரண்டாம் பருவத்தில் நடந்தது. வீட்டில் கிரியோல் மட்டுமே பேசிப் பழகிய பிள்ளைகளுக்குக் குறிலும் நெடிலும் ஒரே ஒலியாகத்தான் காதில் விழுகின்றன. என் வகுப்பில் ஒரு பையன் "நான் காலையில் பல் குடித்தேன்" என்றே ஒவ்வொரு முறையும் எழுதுவான். சிவப்பு மையால் நான் திருத்திய தடவைகளுக்குக் கணக்கில்லை. பகடை வந்து நான்கைந்து மாதங்கள் ஆன பிறகு, ஒரு நாள் சொல்வதை எழுதும் பயிற்சியின்போது அவன் மேசைக்கு அருகே நின்றிருந்தேன். "பல்" என்று எழுதிவிட்டுப் பென்சிலை நிறுத்தினான். உதடு மட்டும் அசைந்தது. மேசைக்கு அடியில் அவனுடைய இரண்டு குதிகால்களும் மெல்ல உயர்ந்து, சற்று நேரம் நின்று, பிறகு இறங்கின. இறங்கியதும், இரண்டு எழுத்துக்கும் இடையில் இருந்த சிறு இடத்தில் ஒரு துணைக்காலை நெருக்கிப் போட்டான். யாரும் அவனுக்கு எதையும் சொல்லவில்லை. அந்த நீளத்தை அவன் காதுக்கு முன்பே கால் கற்றுக்கொண்டிருந்தது.

ஒரு பிள்ளையைக் கொண்டு முடிவு கட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால் மற்ற இடங்களில் செய்த ஆய்வுகள் சொல்வதையும் இங்கே தர வேண்டும். நெதர்லாந்தில் இரண்டாண்டுகள் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் கணக்கையும் மொழியையும் உடலை அசைத்துக்கொண்டே கற்றார்கள்; ஒரு சொல்லின் எழுத்துகளைச் சொல்லும்போது எழுத்துக்கு ஒரு குதி குதித்தார்கள். கணக்கிலும் எழுத்துக்கூட்டி எழுதுவதிலும் அவர்கள் மற்ற பிள்ளைகளைவிடக் கூடுதலாக முன்னேறினார்கள். வாசிப்பில் வேறுபாடு இல்லை. என் அனுபவமும் இதையே ஒத்திருக்கிறது: என் பிள்ளைகளின் எழுத்துப் பிழை குறைந்தது, ஆனால் புதிய பத்தி ஒன்றைக் கொடுத்தால் வாசிக்கும் வேகம் அப்படியேதான் இருக்கிறது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 24 பள்ளிகளில் மூன்றாண்டுகள் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 90 நிமிடம் அசைவுள்ள பாடங்கள் என்ற இலக்குடன் தொடங்கியது. படிப்பில் முன்னேற்றம் இருந்ததாக அது கூறியது. உடல் எடைக் குறியீட்டில் மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை என்றாலும், வாரத்துக்கு 75 நிமிடமும் அதற்கு மேலும் உண்மையாகவே செய்த பள்ளிகளில் அது குறைவாகவே ஏறியிருந்தது. அதே குழுவினர் 2017-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில் படிப்பில் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. குறைவும் இல்லை என்பதை நான் இங்கே கவனிக்கிறேன். ஆகவே இந்தப் பெட்டியின் மூடியில் அச்சிட்டிருப்பதுபோல அறிவாற்றல் பெருகும் என்று எந்தப் பெற்றோருக்கும் நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். பாட நேரத்தை இழக்காமலே பிள்ளைகள் அசைகிறார்கள் என்பதும், எழுத்தின் நீளம் போன்ற சில குறிப்பிட்ட செய்திகள் உடல் வழியாக எளிதில் பதிகின்றன என்பதும் மட்டுமே நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு அவ்வளவே பெரிய வரவு.

அடுத்து, இந்தப் பெட்டியின் மோசமான பொருளுக்கு வருகிறேன். கட்டங்கள் அச்சிட்ட பாய் ஆபத்தானது. எங்கள் அறையின் தரை வழவழப்பான சிமெண்டுத் தரை; ஈரக்காலத்தில் அதில் ஒரு மெல்லிய பனிப்பூச்சு படிந்துவிடும். பாயின் அடிப்பக்கத்தில் வழுக்காமல் பிடிக்க எதுவும் இல்லை. மூன்றாம் நாளே ஒரு சிறுமி நான்காம் கட்டத்திலிருந்து ஐந்துக்குத் தாவியபோது பாய் பின்னால் நழுவி, அவள் முழங்கை தரையில் மோதியது. பெரிய அடி இல்லை. ஆயினும் அன்று மாலை அவள் தாயாரிடம் விளக்கம் சொல்லும்போது என் குரல் தடுமாறியது. கம்பளத்துக்கு அடியில் விரிக்கும் ரப்பர் வலை ஒன்றை வாங்கி அடியில் போட்டுப் பார்த்தேன். நழுவுவது குறைந்தது, ஆனால் ஓரங்கள் சுருண்டு கால் தடுக்கத் தொடங்கியது. பிறகு பாயைச் சுருட்டி அலமாரியின் மேல் வைத்துவிட்டேன்.

அதனால் இழப்பு எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாழ்வாரத்தில் உலர்ந்த மூலையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தால் அதுவே பாண்டி. பிள்ளைகள் அதை மரேல் என்கிறார்கள். பெயர் மாறினாலும் கட்டம் அதே கட்டம், ஒற்றைக்கால் அதே ஒற்றைக்கால். அறைக்குள் வேண்டுமானால் வண்ண ஒட்டுநாடாவைத் தரையில் ஒட்டிக்கொள்ளலாம், அது நழுவாது. கட்டத்துக்குள் எண்ணை எழுதாமல் ஒரு பக்கம் "ல", மறுபக்கம் "ள", நடுவில் "ழ" என்று எழுதி, நான் சொல்லும் சொல்லில் வரும் எழுத்தின் கட்டத்துக்கு ஒற்றைக்காலில் போகச் சொல்கிறேன். பழம், பள்ளம், பல்லி என்று மெதுவாகத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் வகுப்பு முழுவதும் வேர்த்துவிடும். பதினான்கு பேரில் ஒன்பது பேராவது "வாழை" என்றதும் நேராக நடுக்கட்டத்துக்குப் போகிறார்கள். ஆண்டின் தொடக்கத்தில் அது இரண்டு பேராக இருந்தது.

துணிப்பைகள் நான்கும் எளிய பொருள்கள். ஆனால் தையல் நன்றாக இருக்கிறது, ஓராண்டில் ஒன்றுகூட அவிழவில்லை. மேல், கீழ், உள்ளே, வெளியே, முன், பின் ஆகியவற்றைக் கற்பிக்க இவற்றைவிடச் சிறந்த கருவியை நான் பார்த்ததில்லை. பையைத் தலைமேல் வை, மேசைக்குக் கீழே வை, நண்பனுக்குப் பின்னால் நின்று கொடு, வாங்கு, திரும்பு என்று நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் செய்வார்கள். பதில் பேச வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. கேட்ட கட்டளையை உடலால் நிறைவேற்றி மொழியைக் கற்கும் இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் வகுத்தார். குழந்தை முதலில் கேட்டுப் புரிந்துகொண்டு செயலால் பதில் சொல்கிறது, பேச்சு பிறகுதான் வருகிறது என்ற எளிய உண்மையே அதன் அடிப்படை. பிள்ளைகளுக்குத் தமிழ் மூன்றாவது, நான்காவது மொழியாக வந்து சேரும் இந்தத் தீவில் இதன் அருமை கூடுகிறது. வாயைத் திறந்தால் தவறு வந்துவிடுமோ என்று அஞ்சும் பிள்ளைகூடப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு சன்னல்வரை நடந்து போகும். முதல் பருவம் முழுவதும் என்னிடம் ஒரு தமிழ்ச் சொல்லும் பேசாத ஒரு பெண் பிள்ளை, இரண்டாம் பருவத்தில் என் இடத்தில் நின்றுகொண்டு மற்றவர்களுக்குக் கட்டளை கொடுத்தாள். "குனியுங்கள்" என்றாள், எல்லோரும் குனிந்தார்கள், அவள் முகத்தில் வந்த வியப்பை நான் மறக்கமாட்டேன்.

படஅட்டைகளின் தரம் நன்று, தாள் தடித்தது, வண்ணம் மங்கவில்லை. ஆனால் அவற்றில் இருக்கும் உலகம் எங்கள் பிள்ளைகளுடையது அன்று. பனிச்சறுக்கு, பனிப்பந்து வீசுதல், பேஸ்பால் மட்டையைச் சுழற்றுதல் என்று பாதிக்கு மேற்பட்ட படங்கள் இவர்கள் செய்தும் பார்த்தும் அறியாதவை. அந்த அட்டைகளின் பின்பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி நானே வரைந்தேன்: கரும்பு வெட்டு, வலை வீசு, துடுப்புப் போடு, கோலம் போடு, மாவு பிசை, அம்மியில் அரை. அம்மியைப் பார்த்ததும் "ரோஸ் காரி!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள், பாட்டி வீட்டில் மசாலா அரைக்கும் கல்லுக்கு அம்மி என்று ஒரு பெயர் இருப்பதை அன்றுதான் அறிந்தார்கள். முட்டி போட்டு, இரு கையாலும் குழவியைப் பிடித்து, முன்னும் பின்னும் ஒரு நிமிடம் அரைத்துப் பார்த்தால் தோளும் வயிறும் எவ்வளவு வேலை செய்கின்றன என்பது தெரியும். கரும்பு வெட்டும் அட்டை விழுந்தபோது ஒரு பையன் தன் தாத்தா செய்ததாகச் சொல்லி, இடது கையால் கரும்பைப் பிடித்து, தாழக் குனிந்து, அடியில் வெட்டிக் காட்டினான். நான் அதுவரை நின்றபடியே வெட்டிக்கொண்டிருந்தேன்; அன்றிலிருந்து வகுப்பு முழுவதும் அவன் காட்டியபடி குனிந்துதான் வெட்டுகிறது.

காவடி அட்டை ஒன்றும் வரைந்திருந்தேன். தைப்பூசம் இந்த நாட்டில் பொது விடுமுறை. நேர்த்தி செய்து விரதமிருந்து காவடி எடுக்கும் குடும்பங்களிலிருந்தே என் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு சிறுவனின் பாட்டி, அதை விளையாட்டில் சேர்க்க வேண்டாம் என்று மிகுந்த பணிவோடு கேட்டுக்கொண்டார். அவர் சொன்னது சரியென்று பட்டது. அந்த அட்டையை எடுத்துவிட்டேன்.

மணற்கடிகை உடைந்தே வந்தது. பெட்டியைத் திறந்துவிட்டால் திரும்பப் பெற இயலாது என்று கடையில் முதலில் மறுத்தார்கள். திறக்காமல் உடைந்ததை எப்படி அறிவது என்ற என் கேள்விக்கு விடை கிடைக்க இரண்டு வாரம் ஆயிற்று. வேறொன்று தந்தார்கள், அது ஒரு நிமிடத்துக்குப் பதிலாக ஏறக்குறைய ஐம்பது நொடியிலேயே வடிந்துவிடுகிறது. இப்போது அதைப் பயன்படுத்துவதில்லை. ஒன்று முதல் இருபது வரை தமிழில் எண்ணுவதே எங்கள் கடிகை. எண்களும் அதனால் பழகுகின்றன.

பெட்டியை வாங்க நினைப்பவர்களுக்கு, மூடியிலும் கையேட்டிலும் சொல்லப்படாத இரண்டு சிக்கல்களைச் சொல்ல வேண்டும். முதலாவது ஓசை. என் அறை மாடியில் இருக்கிறது. பதினான்கு பேர் ஒரே நேரத்தில் குதித்தால் கீழ் அறையில் கூரை அதிர்கிறது. கீழே கிரேடு 6 பிள்ளைகள் தேர்வுக்குத் தயாராகும் அறை. அந்த ஆசிரியர் படியேறி வந்து, கோபமில்லாமல், ஆனால் தெளிவாக, தன் நிலையைச் சொன்னார். அதற்குப் பிறகு முன்பாதத்தால் இறங்கும் பூனைக் குதியைப் பழக்கினேன்: காலணி தரையைத் தொடும் ஓசை எனக்குக் கேட்டால் அந்தக் குதி கணக்கில் சேராது. ஓசையில்லாமல் குதிப்பதற்கு முழங்கால் நன்றாக மடங்க வேண்டும், வயிற்றுத் தசை இறுக வேண்டும். ஆகவே உடற்பயிற்சி குறையவில்லை, கூடியது. கீழ் அறையிலிருந்தும் பிறகு யாரும் வரவில்லை.

இரண்டாவது, எல்லாப் பிள்ளைகளும் குதிக்க முடியாது. என் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் காலில் தாங்கி உண்டு. இன்னொரு பிள்ளைக்குக் குளிர்காலத்தில் மூச்சிரைப்பு வரும். 48 அட்டைகளில் உட்கார்ந்தபடி செய்யக்கூடியது ஒன்றுகூட இல்லை என்பதை இந்தப் பெட்டியின் மிகப் பெரிய குறையாகக் கருதுகிறேன். பாய் நழுவுவதைக்கூட அதற்கு அடுத்தபடியாகத்தான் வைப்பேன். மாத்திரைப் பயிற்சியைக் கைகளுக்கு மாற்றினேன்: குறிலுக்குத் தொடையில் ஒரு தட்டு, நெடிலுக்கு இரு கையையும் தலைக்கு மேல் நீட்டி இறக்குதல், மெய்க்கு அதே சொடுக்கு. அந்த இரு பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகக் கொடுத்தால் அவர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்பதால், செவ்வாய்க்கிழமைகளில் வகுப்பு முழுவதும் கையால் மட்டுமே செய்கிறது. தாங்கி அணிந்த பிள்ளையின் சொடுக்குதான் வகுப்பிலேயே உரக்க ஒலிப்பது. செவ்வாய்க்கிழமை வந்தால் வரிசையின் முன்னால் அவன் நிற்கிறான்.

இணையத்தில் கிடைக்கும் ஆட்டக் காணொளிகள் இருக்கும்போது இதற்கு ஏன் செலவு என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். காணொளியில் பிள்ளைகள் திரையைப் பார்த்து ஆடுகிறார்கள். ஆட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாடம் அதில் இல்லை, தமிழும் இல்லை. பகடை உருளும்போது பதினான்கு பேரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். எனக்கு அந்த வேறுபாடு முக்கியம்.

ஒரு பாடவேளையில் நான் இதற்குச் செலவிடுவது பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். அதையும் ஒரே மூச்சில் செய்வதில்லை, எழுதும் பணிக்கு முன்னும் பின்னுமாகப் பிரித்துச் செய்கிறேன். அட்டைகளை முதல் நாள் மாலையே செருகி வைக்காவிட்டால் பயனில்லை. வகுப்பு நடக்கும்போது கண்ணாடித்தாள் பையைப் பிரித்துக்கொண்டு நின்றால் பிள்ளைகளின் கவனம் சிதறிவிடும். தொடக்கத்தில் இந்த ஆயத்தம் எனக்கு அரைமணி எடுத்தது. இப்போது தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது.

மொத்தத்தில் இந்தப் பெட்டியை அப்படியே வாங்கும்படி நான் பரிந்துரைக்கமாட்டேன். பகடைகளும் துணிப்பைகளும் முதல் தரம். அட்டைகள் பின்பக்கத்துக்காகப் பயன்படும். பாயும் கடிகையும் கையேடும் காசுக்குத் தகாதவை. பைகள் வைத்த பகடைகள் தனியாகவும் விற்கப்படுகின்றன. தமிழ் ஆசிரியர்கள் அவற்றில் இரண்டு மட்டும் வாங்கிக்கொண்டு, தடித்த அட்டையை வெட்டித் தங்கள் எழுத்தால் எழுதிச் செருகிக்கொள்வதே சிறந்தது. வாங்கும்போது பையின் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். மேல்புறம் மட்டும் திறக்கும் பையில் அட்டை நிற்கும், பக்கவாட்டில் திறப்பதில் இரண்டாம் உருட்டலிலேயே வெளியே பறந்துவிடும்.

என்னுடைய பகடைகளில் மெய்யெழுத்துப் பகடை ஒரு மூலையில் கிழிந்து, உள்ளிருக்கும் மஞ்சள் ஃபோம் தெரியத் தொடங்கியது. காவடி அட்டையை எடுக்கச் சொன்ன அதே பாட்டி, காத்ர் போர்ன் சந்தைக்காகத் தைத்துக் கொடுத்துப் பழகியவர், தானே அதை வாங்கிப் போய்ச் சிவப்பு நூலால் நெருக்கமாகத் தைத்து மறுநாள் பேரனிடம் கொடுத்தனுப்பினார். இந்த ஆண்டு கிரேடு 1 பிள்ளைகளும் எனக்கு வருகிறார்கள். அவர்களுக்காக இன்னும் இரண்டு பகடைகளைத் தனியாக வாங்கியிருக்கிறேன், சற்றே பெரிய அளவில், பை மேல்புறம் திறப்பவையாகப் பார்த்து. முதல் தொகுதியாக அ, ஆ, இ, ஈ, உ, ஊ ஆறையும் செருகி வைத்தாயிற்று.